மூன்றாம் மேசை மீன்

எங்கள் வகுப்பில் காயப்யாப் என்ற குடும்பப் பெயரோடு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி மிண்டா, வயது பதினாறு. இன்னொருத்தி அன்செல்மா, வயது முப்பத்து மூன்று. மூத்தவள் இளையவளைப் பெற்றவள். அம்மாவும் மகளும் ஒரே நீலப் பாவாடை போட்டுக்கொண்டு, ஒரே மேசையில் உட்கார்ந்து விலங்கியல் படித்த கதை மணிலாவுக்கு வடக்கே எங்கள் பின்மாலேய் ஊரில் இன்றைக்கும் புழங்குகிறது. சொல்கிறவர்கள் சிரிப்புக்காகத்தான் சொல்கிறார்கள். அந்த மேசையில் மூன்றாவதாக உட்கார்ந்திருந்தவள் நான். எனக்கு அது முழுக்கச் சிரிப்பாக இருக்கவில்லை.

அன்செல்மாவுக்கு மீன் கொட்டகையில் வேலை. எங்கள் குளங்களில் வளரும் பாங்குஸ் மீன் ருசியில் ராஜா, முள்ளில் எமன். முதுகு வழியாகக் கீறிப் புத்தகம்போல் விரித்து, நடுமுள்ளை அறுத்தெடுத்து, பிறகு சதைக்குள் ஒளிந்திருக்கும் ஊசி முட்களை டாக்டர் வைத்திருப்பது மாதிரி சின்ன இடுக்கியால் ஒவ்வொன்றாக உருவ வேண்டும். ஒரு மீனில் இருநூறுக்கு மேல் இருக்கும். விடியற்காலை நாலு மணிக்கு உட்கார்ந்தால் பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஐஸ் தண்ணீரில் கைவிட்டபடி உருவிக்கொண்டிருப்பார்கள். வாய் ஊர்க்கதை பேசும், கண் வாசலைப் பார்க்கும், கை மட்டும் தன்பாட்டுக்கு வேலை செய்யும். அன்செல்மாவின் கைக்கு அந்தக் கொட்டகையில் பெரிய பெயர். ஆனால் பதினைந்து வருஷ ஐஸில் விரல் நுனிகள் வெடித்து, குளிர்காலத்தில் புண்ணாகிவிடும். இப்படியே போனால் இரண்டு விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாகாண மருத்துவமனையில் உதவியாளர் வேலை இருந்தது. அதற்கு உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் கேட்டார்கள்.

அவள் பள்ளியை விட்டதோ மூன்றாம் ஆண்டில். அதனால் மூன்றாம் ஆண்டிலேயே திரும்பச் சேர்த்தார்கள். தலைமையாசிரியர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார், சீருடை வேண்டும் என்று. அவளே துணி வாங்கி இடுப்பில் இரண்டு மடிப்பு கூட்டித் தைத்துக்கொண்டாள். ஜூன் மாதம் முதல் நாள் அவள் வகுப்புக்குள் வந்தபோது புது டீச்சர் என்று நினைத்து நாங்கள் எல்லாரும் எழுந்து நின்றோம். அவளும் யாரோ பெரியவர் பின்னால் வருகிறார் போல என்று திரும்பிப் பார்த்தாள்.

அதுவரைக்கும் எனக்கு அவள் குளக்கரை வீட்டு அத்தை. கூடப் படிக்கிறவளை அத்தை என்று எப்படிக் கூப்பிடுவது? பெயர் சொல்லவும் நாக்கு வரவில்லை. ஒரு வாரம் எல்லாரும் "இந்தாங்க", "இங்க பாருங்க" என்று சமாளித்து, கடைசியில் அக்காமாரைக் கூப்பிடுவது மாதிரி மானாங் என்று கூப்பிட ஆரம்பித்தோம். மிண்டா மட்டும் ஒன்றுமே கூப்பிட மாட்டாள். வீட்டில் அம்மா என்று கூப்பிடுகிறவள், பள்ளி வாசலைத் தாண்டினால் பக்கத்தில் ஆள் இருப்பதாகவே காட்டிக்கொள்ள மாட்டாள்.

காரணம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். கூட்டல் கழித்தல் தெரிந்த யாருக்கும் தெரியும்.

எங்கள் ஊரில் மூன்றாம் ஆண்டு முதல் பாதி தாவரம், இரண்டாம் பாதி விலங்கு. பூவையும் இலையையும் சாதாரண வகுப்பறையில் படித்துவிடலாம். விலங்குக்குத்தான் பின்கட்டில் இருந்த ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும். அதன் கதவைத் திறந்ததும் ஒரு மருந்து வாடை கண்ணைக் கரிக்கும். நான் இன்று மருந்துக்கடை வைத்திருக்கிறேன், எத்தனையோ வாடை பார்த்துவிட்டேன், ஆனால் அந்த வாடை எங்காவது வந்தால் எனக்குப் பதினாறு வயதாகிவிடும். சுவரோரம் ஜாடிகள். ஒன்றில் பாம்பு, ஒன்றில் சுறாக்குஞ்சு, ஒன்றில் ஊர் டாக்டர் நன்கொடையாகக் கொடுத்த யாருடையதோ குடல்வால். அது யாருடையது என்று பல வருஷமாகப் பள்ளியில் பந்தயம் உண்டு. ஒரே ஒரு நுண்ணோக்கி. அதில் பார்க்க வரிசையில் நின்று, முறை வரும்போது பெரும்பாலோர் தங்கள் கண்ணிமை மயிரையே பார்த்து அமீபா என்று வரைந்தோம்.

டீச்சர் மிஸ் சியாப்னோ. இருபத்தாறு வயது, மணிலாவில் படித்துவிட்டு வந்தவர். இரண்டு கையிலும் சாக்கட்டி பிடித்து ஒரே நேரத்தில் தவளையின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் வரைவார். நாங்கள் நோட்டில் வரைந்தால் பென்சிலைத் தேய்த்து நிழல் போடக் கூடாது. நிழல் வேண்டுமானால் புள்ளி வைக்க வேண்டும். ஒரு ஈரலுக்கு நானூறு புள்ளி. பக்கத்து வகுப்பிலிருந்து கேட்டால் எங்கள் அறையில் மழை தூறுகிற மாதிரி இருக்குமாம்.

மேசைக்கு மூன்று பேர், வருகைப் பதிவேட்டு வரிசைப்படி. மூன்றாம் மேசையில் காலிம்லிம், காயப்யாப், காயப்யாப். காலிம்லிம் நான். மிண்டா இடம் மாற்றிக் கேட்டாள். மிஸ் சியாப்னோ, பதிவேட்டை நான் எழுதவில்லை, உங்கள் முப்பாட்டன்மாருக்குப் பெயர் வைத்த ஸ்பானியர்களைப் போய்க் கேள் என்று சொல்லிவிட்டார். ஆக மேசைக்குள்ளாவது விலகி இருக்கட்டுமென்று இரண்டு பேருக்கும் நடுவில் நான் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் எலுமிச்சை தேய்த்தும் போகாத மீன் வாசனை, இன்னொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்ட பவுடர் வாசனை.

மிண்டா வகுப்பிலேயே கெட்டிக்காரி. எலும்பு, நரம்பு, சுரப்பி என்று எதைக் கேட்டாலும் லத்தீன் பெயரோடு சொல்வாள். அன்செல்மாவுக்குப் பெயர்தான் தகராறு. மண்ணீரலை அவரைக்கொட்டை என்பாள், பித்தப்பையைக் கசப்பு முட்டை என்பாள். கொட்டகையில் அப்படித்தான் சொல்வார்கள். பரீட்சையிலும் அப்படியே எழுதி வைப்பாள். மிஸ் சியாப்னோ பாதி மதிப்பெண் போட்டுவிட்டு, "இடம் சரி, பெயர் தப்பு" என்று பக்கத்தில் எழுதுவார்.

நவம்பர் கடைசியில் தவளை அறுத்தோம். அறுவடை முடிந்த வயலில் நாங்களே பிடித்துவர வேண்டும். மேசைக்கு ஒன்று. நானும் மிண்டாவும் பாவாடையைச் செருகிக்கொண்டு இரண்டு மணி நேரம் சேற்றில் தாவி ஒரு தேரையைப் பிடித்தோம். அன்செல்மா கொட்டகையிலிருந்து வரும் வழியில் வரப்போரம் குனிந்தாள், பெரிய தவளை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அதைத்தான் கொண்டுபோனோம்.

மெழுகுத் தட்டில் தவளையை மல்லாக்கப் படுக்கவைத்து நாலு காலிலும் குண்டூசி குத்தியாயிற்று. பள்ளியில் கத்தி கிடையாது, சவர பிளேடை இரண்டாக ஒடித்துக் குச்சியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மிண்டா பிளேடை வைத்தாள். எடுத்தாள், திரும்ப வைத்தாள். அன்செல்மா கைநீட்டினாள். மிண்டா பிளேடை என்னிடம் கொடுத்தாள், நான் அன்செல்மாவிடம் கொடுத்தேன்.

தோல் தனியாக, சதை தனியாக, ஒரு சொட்டு ரத்தமில்லாமல் திறந்துகொண்டது. இதயம் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. மற்ற மேசைகளிலெல்லாம் தவளை கூழாகக் கிடந்ததால் வகுப்பே எங்கள் மேசையைச் சுற்றி வந்து நின்றது. மிஸ் சியாப்னோ, இப்படி ஒரு திறப்பை நான் மணிலாவிலும் பார்த்ததில்லை என்றார். அன்செல்மாவுக்குக் காது சிவந்துவிட்டது. தவளை வயிறு நிறைய முட்டை, கறுப்பும் வெள்ளையுமாகத் திரண்டு நின்றது. இது பெண் தவளை, இது சினைப்பை என்று மிஸ் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து டெல்ஃபின் மக்காராயேக் வாயைத் திறந்தான். வகுப்பில் எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பவன்.

"அப்ப இதுவும் மூணாவது வருஷத்தோட படிப்பை நிறுத்திடுச்சுன்னு சொல்லுங்க மேம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையைச் சொல்வதில் அர்த்தமில்லை. சிரிப்பு வாயை விட்டுப் போன பிறகுதான் யார் யாருக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன் என்று உறைத்தது. மிஸ் சியாப்னோ அவனை வெளியே போகச் சொன்னார். அன்செல்மா பிளேடை நிறுத்தவில்லை.

"முட்டையை எடுத்தாத்தான் கிட்னி தெரியும். பெர்பி, தட்டை அசைக்காமப் பிடி," என்றாள். பெர்பி என்பது நான்தான்.

மிண்டா பென்சிலைக் கீழே வைத்தாள். நோட்டை மூடினாள். மெதுவாக நடந்து கதவைத் தாண்டிப் போனவள், மறுநாளும் பள்ளிக்கு வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை.

ஐந்தாவது நாள் சாயங்காலம் நான் நோட்டுகளை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். வீடு குளக்கரை மேட்டில். மிண்டாவின் அப்பா ஃபவுஸ்தோ அந்தக் குளத்துக்குக் காவல்காரர். வடக்கத்திக் காற்று தொடங்கியிருந்தது, மூங்கில் தரை வழியாகக் குளிர் ஏறியது. சாப்பாட்டு நேரத்துக்கு வந்தவளைச் சாப்பிடாமல் விடுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. சுட்ட கத்தரிக்காய், உப்பு மீன் விழுது, புளிக்காய் போட்ட பாங்குஸ் சாறு. முள் இல்லாத துண்டாகப் பார்த்து அன்செல்மா என் தட்டில் வைத்தாள். விரல் நாலில் துணி சுற்றியிருந்தது. டிசம்பர் மாதம் கொட்டகையில் உயிர் போகிற வேலை, கிறிஸ்துமஸுக்கு எல்லா வீட்டிலும் முள்ளில்லா மீன் வேண்டும்.

நோட்டை எடுத்து மிண்டா பக்கம் தள்ளினேன். அவள் தொடவில்லை.

"நாளைக்காவது வா. மிஸ் உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க," என்றேன்.

"வர்றேன். அவங்க வரலைன்னா வர்றேன்."

"அவங்கன்னா யாரு?" மூலையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஃபவுஸ்தோ தலை நிமிராமல் கேட்டார். "சாப்பிடுற சோத்தை வடிச்சவளுக்கு ஒரு பேரு இருக்குல்ல?"

"நீங்க சும்மா இருங்கப்பா. வகுப்புல முப்பத்தெட்டுப் பேர் இருக்கோம், முப்பத்தெட்டுப் பேருக்கும் கணக்குத் தெரியும். அவங்க பள்ளிக்கூடத்தை விட்ட வருஷத்துலேருந்து எண்ணினா என் வயசு வருது. நான் எழுந்து பதில் சொன்னாக்கூட யாரும் என்னைப் பார்க்க மாட்டாங்க, அவங்க வயித்தைத்தான் பார்ப்பாங்க."

"யாருடி பார்க்குறது? அந்த மக்காராயேக் பயலா? அவங்க அப்பன் கல்யாணத்துக்கு நான் பன்னி சுட்டுக் குடுத்தேன். நாலு மாசத்துல இவன் பொறந்தான். நான் போய்ச் சொல்லட்டா?"

"சொல்லுங்க. அதையும் ஊர் முழுக்கச் சொல்லுங்க. அப்புறம் நான் எங்கயுமே போக முடியாது."

ஃபவுஸ்தோ என்னைப் பார்த்தார். சிரித்தவர்களில் நானும் ஒருத்தி என்று மிண்டா அவர்களிடம் சொல்லியிருப்பாளோ என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். சொல்லியிருக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஒண்ணு அவங்க நிக்கணும், இல்லன்னா நான் நிக்கணும்," என்றாள் மிண்டா.

"அப்ப நான் நின்னுக்கிறேன்," என்றாள் அன்செல்மா. சாறு ஊற்றிக்கொண்டிருந்தாள், ஊற்றி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "எனக்குப் பழக்கம் இருக்கு."

ஃபவுஸ்தோ வலையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வெளியே போனார். மிண்டா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. சிரித்தவளுக்குக் கோபப்பட என்ன யோக்கியதை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் அன்செல்மா இரவல் வாங்கிய விலங்கியல் புத்தகத்தைப் பழைய செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு மிஸ் சியாப்னோவிடம் திருப்பிக் கொடுக்கப் போனாள். துணைக்கு நானும் போனேன். மிஸ் புத்தகத்தை வாங்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை செய்முறைத் தேர்வு, மாகாண அலுவலகத்திலிருந்து கண்காணிப்பாளர் வருகிறார், பாதி வருஷ மதிப்பெண் அந்த ஒரு மணி நேரத்தில் இருக்கிறது என்றார். என்ன பிராணி என்று கேட்டாள் அன்செல்மா. பாங்குஸ் என்றார் மிஸ். எலும்புக்கூட்டை முழுசாக எடுத்துக் கறுப்புத் தாளில் அடுக்கிக் காட்ட வேண்டும்.

"உங்களுக்காகத்தான் மீன் போட்டேன்," என்றார். "எழுத்துத் தேர்வுல நீங்க விட்டதையெல்லாம் இதுல பிடிச்சிடலாம். மூணு பேரும் மேசைல இருக்கணும். ஒருத்தர் இல்லன்னாலும் மூணு பேருக்கும் குறையும். அன்னிக்கு மட்டும் வந்துட்டுப் போங்க. அதுக்கப்புறம் நீங்க நிக்கறதுன்னா நான் தடுக்கல."

இந்தச் செய்தியை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒப்பந்தம் பேசியது நான்தான். வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் வருவது. சனிக்கிழமையிலிருந்து அன்செல்மா பள்ளிப் பக்கம் வருவதில்லை. மிண்டா யோசித்தாள். தன் மதிப்பெண்ணும் அதில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். "ஒரு நாள். அன்னிக்கு மட்டும்," என்றாள். அன்செல்மா அந்த வாரம் சீருடையைத் துவைத்து, கஞ்சி போட்டு, மடித்து வைத்தாள். இனி தேவைப்படாது என்று தெரிந்த துணிக்கு இவ்வளவு கஞ்சியா என்று எனக்கு வயிறு எரிந்தது.

வெள்ளிக்கிழமை ஆய்வுக்கூட ஜன்னல்களில் கிறிஸ்துமஸ் காகித நட்சத்திரங்கள் தொங்கின. காற்றில் அவை சரசரத்ததைத் தவிர வேறு சத்தமில்லை. கண்காணிப்பாளர் மெல்லிய வெள்ளைச் சட்டையும் கையில் விசிறியுமாக வாசலோரம் உட்கார்ந்திருந்தார். குளிர்காலத்தில் ஏன் விசிறி என்று யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு மேசையிலும் ஐஸிலிருந்து எடுத்த பாங்குஸ் ஒன்று, இடுக்கி ஒன்று, கறுப்புத் தாள் ஒன்று. கீழே கழிவுக்கு ஒரு தகர வாளி. சதை இளகுவதற்கு வெந்நீர் வேண்டுமா என்று மிஸ் கேட்டார். மற்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள். எங்களுக்கு வேண்டாம் என்றாள் அன்செல்மா.

மிண்டா மேசையின் அந்தக் கோடியில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் கண்காணிப்பாளரின் விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது.

ஆறு நிமிஷமோ ஏழு நிமிஷமோ இருக்கும். அன்செல்மா இடுக்கியைத் துடைத்துக் கீழே வைத்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். மேசையில் பாங்குஸ் முதுகு பிளந்து விரிந்து கிடந்தது. உப்பும் வினிகரும் தெளித்து வெயிலில் வைக்க வேண்டியதுதான் பாக்கி. குழந்தைக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஊட்டலாம், ஒரு முள் கிடையாது. கறுப்புத் தாள் வெறுமையாக இருந்தது.

அன்செல்மா மீனைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள்.

"பெர்பி," என்றாள் மெதுவாக. "முள்ளெல்லாம் எங்க?"

"வாளியில, மானாங்."

"நான்தானே போட்டேன்?"

"நீங்கதான்."

பதினைந்து வருஷமாக எதைத் தூக்கி எறியக் கூலி வாங்கினாளோ அதைத்தான் தூக்கி எறிந்திருந்தாள். ஐஸ் மீனும் இடுக்கியும் கைக்கு வந்ததும், அடுத்த நாளிலிருந்து பள்ளி கிடையாது என்று மனம் எங்கேயோ போய்விட்டது, கை கொட்டகைக்குப் போய்விட்டது. குடலும் செதிலும் ரத்தத் தண்ணீருமாக இருந்த வாளியில் நடுமுள், விலா, ஊசி முள் எல்லாம் கலந்து கிடந்தன. எனக்கு அழுகை வந்தது. என் மதிப்பெண்ணுக்காகவும் சேர்த்துத்தான் அழுகை, பொய் சொல்வானேன்.

அந்த வாரம் வாளி கொட்டும் முறை டெல்ஃபினுடையது. பின்னால் பள்ளி வாத்துகள் காத்திருந்தன. அவன் வந்து எங்கள் வாளியின் பிடியில் கைவைத்தான்.

"வை அதை," என்றாள் மிண்டா.

அவன் வைத்துவிட்டான். அந்தக் குரலுக்கு நானாக இருந்தாலும் வைத்திருப்பேன். மிண்டா எழுந்து வந்தாள். பவுடர் போட்ட கையை முழங்கை வரைக்கும் வாளிக்குள் விட்டாள். ஒரு பிடி அள்ளி மேசைமேல் கொட்டி, விரலால் பரப்பினாள். முனை இரண்டாகப் பிரிந்தவை ஒரு பக்கம், வளைந்தவை ஒரு பக்கம், நேரானவை ஒரு பக்கம். கொட்டகைப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நடக்கப் பழகும் முன்பே அங்கே அம்மாவின் காலடியில் படுத்துக் கிடந்த குழந்தை அது, அவளுக்குக் கிடைத்த விளையாட்டுச் சாமான் அந்த முள்தான் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

"கவட்டை முள்ளு முதுகுக்கு," என்றாள் யாரையும் பார்க்காமல்.

"வால் பக்கம் போகப் போகக் கவட்டை சின்னதாகும்," என்றாள் அன்செல்மா.

"தெரியும்."

அவ்வளவுதான் பேச்சு. மிண்டா பிரித்துக் கொடுத்தாள், நான் நல்ல தண்ணீரில் அலசினேன், அன்செல்மா அடுக்கினாள். என்னை நகரச் சொல்லிவிட்டு மிண்டா நடுவில் உட்கார்ந்துகொண்டாள். தலை வந்தது, நடுமுள் வந்தது, விலா வந்தது. அப்புறம் முதுகு வரிசை, பக்கவாட்டு வரிசை, வயிற்று வரிசை. கறுப்புத் தாளில் ஒரு மீன் வெள்ளை வெள்ளையாக ஏறி வந்துகொண்டிருந்தது. மிண்டா ஒவ்வொரு பகுதிக்கும் சின்னத் தாளில் லத்தீன் பெயர் எழுதி வைத்தாள். ஒரு பெயரும் அவளுக்குத் தப்பவில்லை. பத்து நிமிஷம் மீதி இருக்கும்போது வயிற்று வரிசையில் கடைசி இருபது முட்கள்தான் பாக்கி.

அப்போது கண்காணிப்பாளர் எங்கள் மேசைக்கு வந்தார். விசிறியை மடக்கிக்கொண்டு குனிந்து வெகுநேரம் பார்த்தார். மாகாணம் முழுக்கச் சுற்றுகிறேன், ஊசி முட்கள் வரைக்கும் எடுத்து அடுக்கிய மேசையைப் பார்த்ததில்லை என்றார். பெயர் கேட்டார். காயப்யாப் என்றாள் மிண்டா. காயப்யாப் என்றாள் அன்செல்மா. அவர் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே மூக்கு, ஒரே நெற்றி.

"அக்கா தங்கச்சியா?"

வகுப்பில் இடுக்கிச் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. டெல்ஃபின் தன் மேசையில் குனிந்துகொண்டான். நான் மிண்டாவைப் பார்த்தேன். அவள் முகம் காது வரைக்கும் சிவந்திருந்தது.

"ஆமா சார்," என்றாள் அன்செல்மா. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. இந்தக் கேள்வி ஒரு நாள் வரும் என்று எப்போதோ யோசித்துப் பதிலைத் தயாராக வைத்திருந்தவள்போல் சொன்னாள். "நான் மூத்தவ. இவ தங்கச்சி."

கண்காணிப்பாளர் திருப்தியாகத் தலையசைத்தார். நல்ல குடும்பம் என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குத் திரும்பினார். விஷயம் அதோடு முடிந்திருக்கும். யாருக்கும் ஒரு கஷ்டமுமில்லை. மிண்டா கேட்டதும் அதுதானே.

"இல்ல சார்," என்றாள் மிண்டா.

அவர் திரும்பினார். மிண்டா எழுந்து நின்றுவிட்டாள். கையில் பாதி கழுவிய முள் இருந்தது.

"அம்மா சார். என் அம்மா. இதே வகுப்புல படிச்சுக்கிட்டு இருந்தப்போ நான் வயித்துல வந்துட்டேன். அதனால நின்னுட்டாங்க. இப்ப மறுபடி படிக்கிறாங்க."

கண்காணிப்பாளர் மடக்கிய விசிறியை விரித்தார், மடக்கினார். நல்லது, நல்லது என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போய்விட்டார். முப்பத்தெட்டுப் பேரும் மனதுக்குள் போட்டு வைத்திருந்த கணக்கை அவளே பலகையில் எழுதிக் காட்டிவிட்ட பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மிண்டா உட்கார்ந்தாள். அன்செல்மா தலையைத் தூக்கவேயில்லை. அடுத்த முள்ளுக்காகக் கையை நீட்டியபடி அப்படியே இருந்தாள்.

மிண்டா அந்தக் கையில் முள்ளை வைத்தாள்.

"லீவு முடிஞ்சதும் பறவையாம், அம்மா," என்றாள். சாதாரணமாகச் சொல்ல வேண்டும் என்று பாடுபட்ட குரல் அது. "மேசைக்கு ஒரு கோழி கொண்டு வரணுமாம். வயசான நாட்டுக்கோழின்னாத்தான் எலும்பு உடையாம வரும்னு மிஸ் சொன்னாங்களாம். நம்ம வீட்டுல எதைப் பிடிக்கறது? அப்பாவோட சண்டைச் சேவலைக் கேட்டா குடுப்பாரா?"

பதினைந்து வருஷத்தில் லட்சம் லட்சமாக முள் பார்த்த அன்செல்மாவின் கை, வளைந்த வயிற்று முள் ஒன்றை எடுத்து முதுகு வரிசையில் கொண்டுபோய் வைத்தது. கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, மிண்டாவுக்கும் தெரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைத் தொடவில்லை. மீதி முட்கள் அதனதன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மணி அடித்தது. மிஸ் சியாப்னோ வந்து பார்த்து, அந்த ஒரு முள்ளுக்காக ஒரு மதிப்பெண் குறைத்தார். குறைத்தது சரிதான்.